முதலில் இளம்பரிதி வீட்டில் தேடு

திரளில் புதிதாகச் சேருகிற எவரும் ஒரு சின்னத் திருட்டோடுதான் வேலையைத் தொடங்குவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் தொடக்கக் கோப்பைக் காப்பியடிப்பதுதான் அந்தத் திருட்டு. கேட்டால் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். அவர்களும் யாரிடமிருந்தோ அடித்ததுதானே.

திரள் என்பது ஒரே கணினி இல்லை. குளிரூட்டிய பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக நிற்கிற ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து உழைக்கிற ஏற்பாடு. மீன்வளக்காரர்கள், விதை ஆராய்ச்சிக்காரர்கள், இரண்டு பல்கலைக்கழகங்கள், நீர்ப் பகிர்வு வாரியம் என்று எல்லோருக்கும் அது பொது. அவரவர் பைதான் என்கிற கணினி மொழியில் எழுதிய வேலையைக் க்யூவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வேலைக்கு வேண்டிய பேக்கேஜுகள், அதாவது ஏற்கெனவே யாரோ எழுதிச் சரிபார்த்து வைத்த நிரல்கள், பொதுக் கிடங்கில் இருக்கும். அது போக, ஒவ்வொருவருக்கும் திரளுக்குள் சொந்தமாக ஓர் இடம் உண்டு. அதன் பெயர் ஹோம். வாரியத்தில் அதை வீடு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். தொடக்கக் கோப்பு என்பது, நீங்கள் உள்ளே நுழைந்ததும் எந்தப் பேக்கேஜை எங்கே தேட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற சில வரிகள். அதைப் படித்துப் பார்த்தவர் எவரும் கிடையாது. வேலை ஓடுகிறதா, போதும்.

சகாயராணிக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வாரியத்தின் சார்பில் பேக்கேஜுகளைப் பராமரிப்பது அவள் வேலை. எது எந்த வெர்ஷன், எது யாருடையது, எது செத்துப்போனது என்றெல்லாம் அவளுக்குச் சுத்தமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"அடுத்தவங்க பிரஷ்ஷை எடுத்துப் பல்லு வெளக்குவீங்களா? இதை மட்டும் எப்படி கூசாம எடுத்துக்குறீங்க?" என்பாள்.

அவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் அதையேதான் செய்வார்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், தாழையாற்றுக்காக. கடலைச் சேருவதற்கு முன் அந்த ஆறு இருவாய் அணையில் இரண்டாகப் பிரிகிறது. வடவாய், தென்வாய். வெள்ளம் வந்தால் எந்த வாயைத் திறப்பது என்பதை ஒரு காலத்தில் டெலிபோன்தான் தீர்மானித்தது. யாருடைய கரும்பு, யாருடைய ஆலை, யாருக்கு யார் மச்சான் என்பதுதான் கணக்கு. ஒரு மழையில் மூன்று பெரிய மனிதர்கள் மூன்று விதமாகப் போன் செய்ய, மதகுக்காரர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்க, ஊரே மூழ்கியது. அதற்கு அப்புறம்தான் மதகுச் சட்டம் வந்தது. வெள்ளக் காலத்தில் மனிதர் எவரும் மதகைத் தொடக் கூடாது. திரளில் ஒரு வேலை ஓடும். எந்தப் பக்கம் தண்ணீர் விட்டால் குறைவான உயிர்களுக்கு ஆபத்து என்று அது கணக்குப் போடும். அது சொன்னபடி மதகுகள் தாமாகத் திறந்து மூடும். எவ்வளவு பெரிய இடத்திலிருந்து போன் வந்தாலும் எடுக்க ஆள் கிடையாது. ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிபாரிசு செல்லாத இடம் என்று ஒன்றாவது இருக்கட்டுமே.

கூத்து என்னவென்றால், அந்தக் கணக்கை ஓட்டுகிற வாரிய ஊழியர்களின் குடியிருப்பு தென்வாய்ப் பக்கம் இருந்தது. பெருமழை வந்தபோதெல்லாம் தென்வாய்தான் திறந்தது. குடியிருப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தலைமைப் பொறியாளர் ரத்தினசபாபதியின் சோபா இரண்டு முறை ஊறிக் காய்ந்து, உட்கார்ந்தால் கருவாட்டு வாடை அடித்தது. "நாம ஓட்டுற புரோகிராமு நம்ம வீட்டுக்கே தண்ணி விடுது. இதை எந்த ஊர்ல போய்ச் சொல்ல?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் அந்தச் சிரிப்பு நின்றது. குடியிருப்பின் காவலாளி வீராச்சாமி, தண்ணீரில் நின்றபடி மோட்டார் சுவிட்சை அணைக்கப் போய், மின்சாரம் தாக்கிச் செத்தார். சகாயராணி தரைத்தளத்தில் இருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தண்ணீர் உள்ளே வந்ததும் அவரை முதுகில் சுமந்து மாடியில் சேர்த்தது வீராச்சாமிதான். "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு வந்துர்றேன் மேடம், அப்பாவுக்குத் தலைய தொவட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வரவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

ரத்தினசபாபதி கொதித்துப்போனார். "கணக்குல எங்கயோ ஓட்டை இருக்கு. எல்லா மழைக்கும் தென்வாய்தான் தொறக்கும்னா அது என்ன கணக்கு?" என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி, இந்த மழைக்காலத்துக்கு முன்னால் வெளியாள் ஒருவர் வந்து சரிபார்க்க ஏற்பாடு செய்தார். வரப்போகிறவர் பேராசிரியர் குணசுந்தரி. கறாரான பெண்மணி என்று பெயர்.

"அந்தம்மா வர்றதுக்குள்ள வீட்டைக் கழுவி வச்சுரு ராணிம்மா" என்றார் சகாயராணியிடம்.

அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடினாள். அதில் ஒன்று இளம்பரிதியுடையது. வாரியத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்து, திடீரென்று ராஜினாமா செய்துவிட்டு, எங்கோ மலையடிவாரத்து ஊரில் சோலார் பம்பு விற்கப் போய்விட்ட ஆள். கணக்கை மூடியதோடு அவருடைய வீடும் திரளிலிருந்து மறைந்தது.

மறுநாள் காலையில் யார் லாகின் செய்தாலும் திரையில் முதலில் ஒரு வரி வந்தது: இளம்பரிதியின் வீடு காணப்படவில்லை.

"அவன் போனது எங்களுக்கே தெரியுமேம்மா. அதைத் தெனம் ஏன் சொல்லுது?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கேட்டார். மதியத்துக்குள் வாரியம் முழுக்கக் கேட்டுவிட்டது. மதகு வேலையை ஓட்டுகிற பொதுக் கணக்கில்கூட அதே வரி.

சகாயராணி அவர்களுடைய தொடக்கக் கோப்புகளைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் ஒரே வரி இருந்தது. முதலில் இளம்பரிதி வீட்டில் தேடு, அங்கே இல்லாவிட்டால் பொதுக் கிடங்கில் தேடு. எப்போதோ ஒருவர் அவரிடமிருந்து காப்பியடித்திருக்கிறார். அவரிடமிருந்து இன்னொருவர். அப்படியே அலுவலகம் முழுவதும் பரவிவிட்டது. நல்லவேளை, எந்த வேலையும் நின்றுபோகவில்லை. அந்த வீடு இல்லையென்றால் பைதான் சத்தம் போடாமல் பொதுக் கிடங்குக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

"கொஞ்சம் பொறுங்க. நானே சுத்தமா ஒரு ஃபைல் எழுதித் தர்றேன். எல்லாரும் அதை எடுத்துக்கலாம்" என்றாள். காப்பியடிக்காதே என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அடிப்பதை நல்லதாக அடிக்கட்டும்.

மழைக்காலத்துக்கு முந்தைய ஒத்திகை அந்த வாரம்தான் நடந்தது. போன வருடத்து வெள்ளத்தின் எண்களைக் கொடுத்துக் கணக்கை ஓட்டினார்கள். வடவாய் திறந்தது. தென்வாய் மூடியே இருந்தது. வரைபடத்தில் வாரியக் குடியிருப்பு காய்ந்து கிடந்தது.

ரத்தினசபாபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல சார். பழைய குப்பையை எடுத்தேன்."

"எடுத்தியே! இத்தனை வருஷமா ஒருத்தனும் எடுக்கலையே!" என்று லட்டு வாங்கி வரச் சொன்னார். அன்று சாயங்காலம் குடியிருப்பில் அவள்தான் ராணி. மேல்வீட்டு நிர்மலா பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். சகாயராணி தன் அப்பாவிடம், "இனிமே உங்களைத் தூக்க வேண்டியதில்லப்பா" என்றாள். அவர் கோணிய வாயால் சிரித்தார். சகாயராணிக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வருடம் முன்னால் இந்தக் குப்பையை எடுத்திருந்தால் வீராச்சாமி இருந்திருப்பாரே என்ற நினைப்பு மட்டும் உறுத்தியது.

அடுத்த நாள் கேன்டீனில் டீ கொண்டுவந்து வைத்தது வீராச்சாமியின் மனைவி தனபாக்கியம். புருஷன் போன பிறகு வாரியத்திலேயே ஏதோ ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"சரி பண்ணிட்டீங்களாமே மேடம். லட்டு எனக்கும் குடுத்தாங்க."

"ஆமாக்கா. கொஞ்சம் முன்னாடியே பண்ணியிருக்கணும்."

"விடுங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? இனிமே இன்னொருத்தருக்கு அப்படி ஆகாம இருந்தா சரி."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"காவக்காரரு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கள்ல. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு சங்குத் திடலுக்குப் போயிட்டேன். அங்கதான் வாடகை கெடையாது. உப்புக் காத்துல தகரம் எல்லாம் உளுத்துப்போவுது. மத்தபடி நல்ல சனங்க மேடம்."

சங்குத் திடல் வடவாய்க்கு நேர் எதிரே, ஆறும் கடலும் சேருகிற இடத்தில் இருந்தது.

சகாயராணி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஒத்திகை வரைபடத்தைத் திறந்து வடக்கே நகர்த்தினாள். குடியிருப்பு காய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்களே தவிர, தண்ணீர் எங்கே போயிற்று என்று எவரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. திடலில் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பக்கத்தில் இருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

மூடிய கணக்குகளின் பிரதி கொஞ்ச காலம் அவளிடம் இருக்கும். இளம்பரிதியின் பேக்கேஜையும் பொதுக் கிடங்கின் பேக்கேஜையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். வரிக்கு வரி ஒன்றுதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிரிந்தது. பொதுக் கிடங்கில் இருந்தது: நில வகை புறம்போக்கு என்றால், தலைகள் பூஜ்யம். இளம்பரிதியிடம் இருந்தது: நில வகை புறம்போக்கு என்றால், செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணு. கூரைக்கு நாலு தலை.

புறம்போக்கு என்ற சொல்லை நாம் ஆளைத் திட்டத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். அது பத்திரத்தில் வரும்போது அர்த்தம் வேறு. யாருக்கும் சொந்தமில்லாத நிலம். யாருக்கும் சொந்தமில்லாததால் யாரும் இல்லாத நிலம். யாரும் இல்லாததால் அங்கே எச்சரிக்கை வண்டிகூடப் போகாது. அதையும் இதே கணக்குதான் அனுப்புகிறது. மதகு திறந்தால் தண்ணீர் போய்ச் சேர ஒரு குளியல் போடும் நேரம்தான் ஆகும். தனபாக்கியத்துக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். ஒரு மழைக்குச் சொல்லலாம். எத்தனை மழைக்குச் சொல்வது, எத்தனை பேருக்குச் சொல்வது?

அவள் இளம்பரிதிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் ஏதோ பம்பு இரைந்துகொண்டிருந்தது.

"என் வீட்டை இடிச்சிட்டியாமே ராணி" என்றார்.

"சார், விளையாடாதீங்க. கூரையை எண்ணுறது நீங்க எழுதினதா?"

பம்பு நின்றது. அணைத்திருக்க வேண்டும்.

"நான்தான். அதைத் திருட்டுத்தனமா ஓட்டணும்னு எழுதல. சத்தியமா. திடலைக் கணக்குல சேத்தா என்ன ஆகும்னு பாக்கலாம்னு என் வீட்ல ஒரு பிரதி வச்சு டெஸ்ட் பண்ணேன். முதல்ல என் வீட்ல தேடுன்னு ஒரு வரி போட்டேன். டெஸ்ட் முடிஞ்சதும் எடுக்கணும். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன். அதுக்குள்ள மதகுக் கணக்குக்குப் புதுசா வந்தவன் என் ஃபைலைக் காப்பியடிச்சிருக்கான். மழை வந்துச்சு. தென்வாய் தொறந்துச்சு. எனக்கே அப்பறம்தான் புரிஞ்சுது. திடல்ல போய்ப் பாத்தேன். ஒரு பொண்ணு மீனை உப்புல போட்டுக்கிட்டு இருந்துச்சு. 'தண்ணி வரலையா'ன்னு கேட்டேன். 'இங்க ஏன் சார் வருது, இது மேடு'ன்னு சொல்லுச்சு. அது மேடு இல்ல ராணி. பள்ளம்."

"அதனால விட்டுட்டீங்க."

"எடுக்கத்தான் உக்காந்தேன். கை வரல."

"வீராச்சாமி செத்தது தெரியுமா சார்?"



"தெரியும். மாலை வாங்கிட்டு வந்து கூட்டத்துக்குப் பின்னாடி நின்னேன். போடாமயே போயிட்டேன். எந்தப் பக்கம் எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். கணக்கு சரியாத்தான் வருது. அந்தம்மா முகத்தைப் பாக்கத்தான் முடியல."

"அந்தம்மா இப்ப திடல்லதான் இருக்காங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

சகாயராணி நேரே ரத்தினசபாபதியின் அறைக்குப் போனாள். அவர் குடியிருப்புக்குப் புதிதாக வெள்ளையடிக்க நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், திடல்ல ஆள் இருக்காங்க."

"எனக்குத் தெரியாதா? நம்ம தனபாக்கியமே அங்கதான இருக்கு."

"கணக்குல பூஜ்யம்னு இருக்கு. வடவாய் தொறந்தா அவ்வளவு பேரும் போயிருவாங்க."

அவர் வண்ண அட்டையைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"உக்காரு. இங்க பாரு, புறம்போக்குல ஆள் இருக்குன்னு எழுதணும்னா நிலக்கணக்கு ஆணையம்தான் எழுதணும். எழுதினா ரெண்டுல ஒண்ணு செய்யணும். காலி பண்ணச் சொல்லணும், இல்ல பட்டா குடுக்கணும். ரெண்டுக்கும் அவங்களுக்கு மனசில்ல. அதனால ஆளே இல்ல. நானே ஒரு தடவை எழுதிக் கேட்டேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? அவ்விடத்தில் குடியிருப்போர் எவரும் இல்லாதபடியால் குடியிருப்போர் குறித்த கேள்வி எழவில்லை. அவ்வளவுதான்."

"இளம்பரிதி சார் வீட்ல இருந்த பேக்கேஜுல…"

"நிறுத்து." கையைத் தூக்கினார். "அந்தப் பேச்சே வேண்டாம். பொதுக் கிடங்குல என்ன இருக்கோ அதுதான் சட்டம். வேற எங்கயாவது வேற எதாவது இருந்துச்சுன்னா எனக்குத் தெரியாது, நீ சொல்லல, நான் கேக்கல. தெரிஞ்சா நான் அன்னைக்கே எடுக்கணும்."

"சரி சார்."

"வீராச்சாமிக்கு நீயும்தானம்மா அழுத? அவன் செத்தது சும்மாவா போகணும்?"

வாசல் வரை போனவள் திரும்பி, "வெள்ளையே அடிச்சிருங்க சார். நீலம் சீக்கிரம் வெளுத்துரும்" என்றாள்.

அன்று மதியம் முழுக்க அவள் அந்தத் தொடக்கக் கோப்பை எழுதினாள். பத்துப் பதினைந்து வரி எழுத அவ்வளவு நேரம் ஆகாது. நடுவில் வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்தாள். சாயங்காலம் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள்: புதிய தொடக்கக் கோப்பு என் வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளவும். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மதகுக் கணக்கை ஓட்டுகிறவரும் எடுத்துக்கொண்டார். இளம்பரிதி வீட்டைக் காணோம் என்ற வரி போயே போயிற்று. "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலில் சகாயராணி வீட்டில் தேடு என்று அதில் இருந்த முதல் வரியைப் படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

பேராசிரியர் குணசுந்தரி வந்தார். பருத்திச் சேலை, தோளில் கனமான பை. வந்ததும் வராததுமாக, "உங்க ரிசல்ட்டு எதையும் எனக்குக் காட்டாதீங்க. எனக்குத் தனியா அக்கவுண்ட் வேணும். நானே ஓட்டி, நானே பாத்துக்குறேன்" என்றார். ரத்தினசபாபதிக்கு ஆளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. இரண்டு வாய்களில் எதைச் சொன்னாலும் இந்த அம்மாள் சொன்னால் எடுபடும்.

புதிய கணக்கு திறந்து கொடுத்தாள் சகாயராணி. பேராசிரியர் உட்கார்ந்து ஏதோ தட்டிப் பார்த்தார். எதுவும் ஓடவில்லை. புதுக் கணக்கில் தொடக்கக் கோப்பு காலியாகத்தான் இருக்கும். எந்தப் பேக்கேஜ் எங்கே என்று அதற்கு ஒன்றும் தெரியாது.

"இங்க எல்லாரும் யாரோட ஸ்டார்ட்டப் ஃபைலை எடுத்துக்குவாங்க?" என்று நிமிராமலே கேட்டார்.

இத்தனை வருடம் படித்தவர், கறார் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். திரளில் வேலை செய்த எவராலும் கேட்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

"என்னோடது இருக்கு மேடம்" என்றாள் சகாயராணி.

"குடுங்க."

கொடுத்தாள்.

போன வருடத்து எண்களை உள்ளே போட்டுவிட்டு மூவரும் காத்திருந்தார்கள். க்யூ நகர்ந்தது. முடிவு வந்தது. தென்வாய் திறந்தது. வாரியக் குடியிருப்பில் முழங்கால் தண்ணீர். போன வருடம் நடந்தது நடந்தபடி.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குல தப்பில்ல சார். போன வருஷம் மதகு எடுத்த முடிவும் என் முடிவும் அச்சு அசலா ஒண்ணுதான். உங்க குடியிருப்புதான் தப்பான எடத்துல இருக்கு. அந்தக் காவலாளி விஷயம் ரொம்ப வருத்தம். ஆனா அது மோட்டார் சுவிட்ச்சோட கோளாறு, இதோடது இல்ல."

ரத்தினசபாபதி திரையைப் பார்த்தார். பிறகு சகாயராணியைப் பார்த்தார்.

"ஒத்திகையில வேற மாதிரி வந்துச்சே ராணிம்மா."

"அப்ப பாதி சுத்தம் பண்ணியிருந்தேன் சார். நடுவுல ஓட்டினா அப்படித்தான் ஏதாவது வரும்."

"இப்ப முழுசா சுத்தம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு சார்."

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வீட்டுக்குத்தான்.

"நான்தான். ஒண்ணுமில்ல. அந்த சோபாவை ஆள் வச்சு மாடிக்கு ஏத்திரு… ஆமா, இப்பவே… லட்டு சாப்பிட்டாச்சுல்ல, விடு."

ஐப்பசியில் புயல் வந்தது. மேலாற்றில் மழை கொட்டுகிறது என்ற செய்தி காலையில் கிடைத்தது. குடியிருப்பில் லேசாகத் தூறல்தான். சகாயராணி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குடியிருப்பின் பின்பக்கம் போய், மோட்டாரின் மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தரை இன்னும் காய்ந்துதான் கிடந்தது. வீராச்சாமி செத்த இடத்தில் யாரோ துளசி வைத்திருந்தார்கள். அங்கே நிற்க முடியாமல் சட்டென்று வந்துவிட்டாள்.

அப்பாவின் கட்டிலை எப்படி நகர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு நிர்மலா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சகாயம், மழையே இன்னும் சரியா புடிக்கல, அதுக்குள்ளயா? அந்தப் பேராசிரியரம்மா ஏதோ சொன்னாங்கதான், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க சரி பண்ணி வச்சிருந்தீங்களே?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

நிர்மலா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இனிமேல் பாயசம் வராது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரத்தினசபாபதி பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் பிடிம்மா. ஐயா, கெட்டியா பிடிச்சுக்குங்க. நம்ம வீராச்சாமி மாதிரி எனக்கு முதுகுல தூக்க வராது."

கட்டிலோடு மூச்சு வாங்க வாங்கப் படியேறினார்கள். பாதிப் படியில் நின்று இளைப்பாறியபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருந்தாள். "படிக்கட்டு ரொம்பக் குறுகல்" என்றார். மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சாயங்காலம் தென்வாய் திறந்தது. முழங்கால் அளவு வந்தது, நின்றது, மூன்றாம் நாள் வடிந்தது. எவருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் திரளைத் திட்டினார்கள்.

அலுவலகம் திறந்த அன்று அவளுடைய சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. தனபாக்கியம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"உங்களுக்கெல்லாம் மறுபடியும் கஷ்டமாப் போச்சே மேடம். அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருக்கா. உங்க பக்கம்?"

"எங்க பக்கம் சொட்டுத் தண்ணி இல்ல. புள்ளைங்க வாசல்ல உக்காந்து வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க." முந்தானையால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "போன வருசம் மழைக்கு முன்னாடியே சொன்னேன் மேடம், ரூமை விட்டுட்டுத் திடலுக்குப் போயிரலாம், எங்க அக்கா அங்கதான் இருக்கு, மேடான எடம்னு. அந்த மனுசன் கேக்கல. பொறம்போக்குல போயி இருப்பாங்களா, சர்க்கார் குவாட்டர்ஸ்தான் பத்திரம்னுட்டாரு."

சகாயராணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலையோடு வந்து பின்னால் நின்ற இளம்பரிதி ஞாபகம் வந்தார்.

"டீ ஆறுது மேடம், குடிங்க" என்றாள் தனபாக்கியம்.